வலப்பக்கம் திருப்பும்போது ஒரு சத்தம்

வண்டியை வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் அடியில் எங்கேயோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இடப்பக்கம் திருப்பினால் கேட்காது. பாரம் இல்லாத வேளையிலும் கேட்காது. ரப்பர்த் தடியையோ வாழைக்குலையையோ ஏற்றிக்கொண்டு, குன்னத்துகால் ஏற்றத்தில் பாதி ஏறி, வலத்தே ஒடிக்கிறபோது மட்டும், கீழேயிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல ஒரே ஒரு தட்டு. கனகதாஸ் அந்தத் தட்டுக்காகக் காத்திருப்பார். கேட்டதும், "செரி, கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டுக் கியரை மாற்றுவார். அந்த வண்டியில் அவரோடு பேசுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

வெள்ளை நிறப் பிக்கப். முன்கண்ணாடியின் உச்சியில் சிவப்பெழுத்தில் 'எபெனேசர்' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தை ஒட்டியவன் மகன் ஷிஜு. வண்டி வாங்கவேண்டுமென்று முதலில் சொன்னவனும் அவனே. அதுவரை கனகதாஸ் பிறருடைய லாரிகளில் வளையம் பிடித்து, கம்பத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஓடி, இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர். "நமக்குன்னு ஒண்ணு இருந்தா அப்பா பாதி, நான் பாதின்னு ஓட்டலாம்" என்றான் ஷிஜு. ஷோரூமில் பேச்சு முழுவதும் அவனுடையது. பெயரும் விலாசமும் கையெழுத்தும் தகப்பனுடையவை. தொலைபேசி எண்ணைக் கேட்டபோது மட்டும் கனகதாஸ் கையை வீசினார்.

"அவிய இங்கிலீசுலயும் இந்தியிலயும் விளிப்பாவ. எனக்கு எதுக்கு? உனக்க நம்பரக் குடு."

இந்தப் பக்கத்துத் தகப்பன்மார் பலரும் செய்கிற காரியந்தான். பாங்கு என்றாலும் காஸ் சிலிண்டர் என்றாலும் பிள்ளையின் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை பிறகு விமானம் ஏறும். நம்பரும் அதன் சட்டைப்பையிலேயே ஏறிப் போய்விடும்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் அங்கியோடு வெளியே வந்து, பானட்டின்மேல் கைவைத்து ஜெபம் செய்தார். முதல் ஓட்டம் கோயிலுக்கென்று நேர்ந்திருந்தபடியால், அறுப்பின் பண்டிகைக்கு ஏலம் போடவிருந்த குலைகளும் சேனைக்கிழங்குகளும் இரண்டு வாத்துகளும் அதில்தான் ஏறின. முன்னிருக்கையில் மூவர் உட்காரலாம். ஷிஜு ஓட்டினான். கனகதாஸ் சன்னலோரம். நடுவில் மனைவி புஷ்பபாய், மடியில் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு, "ஏய், மெல்லப் போலே, வாத்து பேடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்பொழுது அந்த நீண்ட இருக்கையில் கனகதாஸ் ஒருவர்தாம். பக்கத்தில் ஒரு குடை, குடிக்கிற வெள்ளத்துக்கு ஒரு குப்பி, கயிற்றுச் சுருள்.

ரப்பர் விலை சரிந்து ஓட்டம் குறைந்தபோது ஷிஜு வளைகுடாவுக்குப் போனான். வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டம். அதில் தகப்பனுக்கும் மகனுக்கும் பிணக்கு ஒன்றும் உண்டாகவில்லை. பிணக்கு உண்டானது புஷ்பபாயின் அடக்கத்தன்று.

நெஞ்சுவலி என்று சொன்னவள் ஆசுபத்திரி வாசலைத் தாண்டவில்லை. இந்த ஊர்களில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், பெட்டிக்குச் சொல்லிவிட்ட கையோடு ஸ்டுடியோவுக்கும் சொல்லிவிடுவார்கள். காமிராக்காரன் வந்து முக்காலியை நிறுத்தி, அடக்கத்தை அப்படியே நேரலையாக அனுப்புவான். வெளிநாட்டிலிருக்கிற மக்கள் தத்தம் அறைகளில் இருந்து பார்த்து அழுவார்கள். ஷிஜுவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனுடைய பாஸ்போர்ட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது. "அம்மாவ நான் இதிலயாவது காணணும் அப்பா" என்று போனில் விளித்துச் சொல்லியிருந்தான். அவனுக்காகத்தான் காமிரா வந்தது.

பெட்டியை மூடுகிற நேரம். மூப்பர் முன்னால் வந்து, முத்தம் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம் என்றார். கனகதாஸ் குனிந்து நிமிர்ந்தபோது எதிரே அந்தக் காமிராவின் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. நான் இங்கே இவளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறேன், அவன் அங்கே கட்டிலில் இருந்துகொண்டு பந்தாட்டம் பார்ப்பதுபோலப் பார்க்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அது நியாயமற்ற எண்ணம் என்பது அடுத்த நாளே தெரிந்தது. ஆயினும் அந்த நேரத்தில் அவர் தோளில் துண்டாகக் கிடந்த துவர்த்தை எடுத்துக் காமிராவின்மேல் போட்டார்.

"வரமாட்டாத்தவன் காணாண்டாம்."

ஊர் முழுவதும் கேட்டது. துவர்த்தை எடுக்க ஒருவரும் கைநீட்டவில்லை. அன்று சாயங்காலம் ஷிஜு பலமுறை விளித்தான். கனகதாஸ் எடுக்கவில்லை. பிறகு அவன் விளிப்பதை நிறுத்தினான். பிறகு இவர் விளிக்க நினைத்தார். போனைக் கையில் எடுத்து மகனுடைய பெயர்வரைக்கும் போவார். விரல் அங்கேயே நிற்கும். எடுத்தால் முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது? அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல், புஷ்பபாயின் கல்லறையில் இரண்டு ஈஸ்டர் கழிந்துவிட்டன. மற்றவர்கள் விளித்து மகனைப் பற்றிக் கேட்பதும் பொறுக்காமல் போனதனால், போனின் ஒலியை அடைத்து, வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தார்.

சத்தம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சர்வீஸ் சென்டருக்குப் போய்க் குறை சொன்னார். வெற்று வண்டியை முற்றத்தில் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்து, "சத்தம் ஒன்றும் இல்லையே" என்றார்கள். "பாரம் ஏத்திட்டுப் பாருங்க" என்றார் கனகதாஸ். யாரும் பாரம் ஏற்றவில்லை. கிரீஸ் அடித்து அனுப்பினார்கள். மறுபடி போனார். "ரோடு மோசம்" என்றார்கள். மறுபடியும் போனார். "பழைய கம்ப்ளெயிண்ட் குளோஸ் ஆயிட்டுதே" என்றார்கள். எப்படி குளோஸ் ஆயிற்று, யார் அடைத்தார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. நான் போய்ச் சொல்லுகிற குறை நான் வீடு வந்து சேருவதற்குள் எப்படித் தீருகிறது என்று யோசித்து, பிறகு யோசிப்பதையும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் வருகிற துலாமாதத்து மழை தொடங்கியிருந்தது. மத்தியானம்வரைக்கும் வெயில் சுள்ளென்று அடிக்கும். அப்புறம் கிழக்கே மலைப்பக்கம் கறுத்து, இடி உருண்டு, மழை கொட்டும். அப்படி ஒரு மழைக்கு ஒதுங்கி, கனகதாஸ் உதியன்குளங்கரை முக்கில் சோமனின் சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தார். சோமன் அவருடைய வயதுக்காரர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. முன்னால் கிண்ணத்தில் இரண்டு ரசவடை ஊறிக்கொண்டிருந்தன.

அப்பொழுதுதான் யோசுவா நனைந்துகொண்டு உள்ளே வந்தான். அவனும் சபைக்காரன், அதே கம்பெனியின் அதே பிக்கப் வைத்து ஓடுகிறவன். நெற்றியில் பிளாஸ்திரி.

"எலே, என்னதுலே நெத்தியில?" என்றார் சோமன்.

"ஒண்ணுமில்ல அண்ணே. ரப்பர் மரத்துக்கு ஒரு முத்தம் குடுத்தேன்."

"வெள்ளமடிச்சியாலே?"

"இல்லண்ணே, சத்தியமா இல்ல. வளைவுல ஸ்டியரிங்க ஒடிக்கியேன், அது சும்மா கறங்குது, நம்ம சோமண்ணனுக்க கிரைண்டர் மாதிரி. வண்டி அதுக்க பாட்டுக்கு ரப்பர் வெளைக்குள்ள எறங்கிப் போயி ஒரு மரத்துக்க மூட்டுல முட்டிட்டு நிக்கிது. அந்நேரம் பாத்து போன் அடிக்கிது. கம்பெனிப் பொண்ணு. 'சார், நீங்க சந்தோஷமா இருக்கீங்களா, பத்துக்கு எத்தற மார்க்கு தருவீங்க'ன்னு கேக்கா. 'மோளே, நான் ரப்பர் மரத்துக்க மூட்டுல தலைகுத்தி நிக்கியேன், நல்ல சந்தோஷமாக்கும்'னேன்."

சோமன் சிரித்தார். கனகதாஸ் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு அப்பிடி விளிப்பாளா?"

"சர்வீசு முடிச்சு வண்டி விட்டா மறுநாளு விளிப்பாவல்லா. ஒங்களுக்கு விளிக்க மாட்டாவளா?"

"ஒருக்கலும் விளிச்சதில்ல."

"கொள்ளாமே! அப்பம் ரீகால் மெசேஜும் வரல்லியா? இந்த வண்டிய எல்லாம் ஒக்க கம்பெனி திரும்ப விளிக்கியாம். ஸ்டியரிங்குக்க அடியில கம்பியப் பிடிக்கிற ஒரு போல்ட்டு பலம் கொறவாக்கும். சும்மா மாத்திக் குடுப்பாவ. எனக்கு மெசேஜு வந்துது. கப்ப ஏத்துற தெரக்குல நான் வாசிக்கல்ல. வாசிச்சிருந்தா மரத்துக்கு முத்தம் குடுத்திருக்க மாட்டேன்."

"எனக்கு ஒண்ணும் வரல்ல" என்றார் கனகதாஸ். "எனக்க வண்டி அதுல கெடையாதாயிருக்கும்."

சோமன் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னார்: "உண்டு. ஒம்ம வண்டியும் உண்டாக்கும். நாளைக்கே கொண்டு காட்டும்."

"ஒமக்கு ஆரு பறஞ்சது?"

"பறஞ்சா என்ன, பறயாட்டா என்ன? காட்டும்."

"வேய், ஆரு பறஞ்சதுன்னு கேட்டா."

சோமன் சாயாவை வேண்டியதற்கு அதிகமாக உயரத்திலிருந்து ஆற்றினார். "ஊருல பேசிக்கிட்டாவ. ஒமக்கு ஒண்ணு ஆனா, பின்ன எனக்கு ஆரு வந்து ரசவட ரெண்டுக்கும் உப்பு கொறவுன்னு குத்தம் சொல்லுவா? போயிட்டு வாரும் தாசே."

கனகதாசுக்கு அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று இடறியது. ஆனால் மறுநாள் ஒரு லோடு ஒப்புக்கொண்டிருந்தார். ரப்பர் மரம் வெட்டிப் போட்டுக் கிடந்தது; மழையில் கிடந்தால் தடி கறுத்துவிடும். சொன்ன வாக்கை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

மறுநாள் தடி ஏற்றி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏற்றுக்காரர்கள் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். கனகதாஸ் கதவை அடைத்து, கண்ணாடியைத் துவர்த்தால் துடைத்து, புறப்பட்டார். ஏற்றத்தில் செம்மண் வெள்ளம் சக்கரத்துக்குக் கீழே பாம்புபோல இறங்கிற்று. பாதி ஏறி வலத்தே ஒடித்தார்.

டக்.

"செரி, கேட்டாச்சு" என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு தட்டு. இதுவரையில் ஒருநாளும் இரண்டாவது தட்டு கேட்டதில்லை. அவருடைய கைகளுக்குள் வளையம் எடையற்றுப் போனது. உயிருள்ள ஒன்று கைக்குள்ளேயே செத்துப்போவதுபோல ஒரு தளர்ச்சி. அவர் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கையும் இழுத்தார். வண்டி வழுக்கி, இடப்பக்கத்து மண்திட்டில் தோளைச் சாய்த்து நின்றது. பின்னால் தடிகள் ஒன்றின்மேலொன்று உருண்டு, முனகி, அடங்கின.

வழியில் ஒரு மனிதர் இல்லை. மழை மட்டும் கூரைத்தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். யாரை விளிப்பது? பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். புஷ்பபாயின் பெயர் இன்னும் அதில் இருந்தது. அதன் கீழே சிலரைத் தாண்டி ஷிஜு. தனக்கு இங்கே ஒன்று நேர்ந்திருந்தால் ஸ்டுடியோக்காரனுக்கு யார் சொல்வார்கள்? சொன்னாலும், அவன் அனுப்புகிற படத்தை அந்தப் பையன் திறப்பானா? திறந்துவிட்டு, துவர்த்து எப்போது விழும் என்று காத்திருப்பானா? குப்பியிலிருந்த வெள்ளத்தைக் குடித்தார்.

அப்புறம் சோமனைத்தான் விளித்தார். சோமன் ஆளும் இன்னொரு வண்டியும் கொண்டு வந்தார். தடியை இறக்கி மாற்றினார்கள். பிக்கப்பைக் கட்டியிழுத்து, நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியிலுள்ள சர்வீஸ் சென்டரில் கொண்டு நிறுத்தினார்கள். "நான் கடையத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன், வாறேன்" என்று சோமன் கிளம்பினார். போகிற போக்கில், "நான் நேத்தே சொன்னேன்லா" என்று மட்டும் முனகினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்ததைக் கனகதாஸ் கவனித்தார். மழைவெள்ளம் என்று எண்ணிக்கொண்டார்.

அன்று கவுண்டரில் ஆள் குறைவு. உள்ளறையில் போன் எடுக்கிற ஜின்சி என்ற பெண்தான் வெளியே வந்து உட்கார்ந்திருந்தாள். காதில் மாட்டுகிற கருவி கழுத்தில் தொங்கியது.

"சாரே, வண்டி நம்பர் பறயூ" என்றாள் மலையாளத்தில். அவர் எண்ணைச் சொன்ன விதத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். "எந்தப் பக்கம் சாருக்கு?"

"குன்னத்துகால்."

"எனக்க அம்ம வீடும் அங்கதான். பேரு?"

"கனகதாஸ்."

தட்டச்சுப் பலகையில் ஓடிய விரல்கள் நின்றன. அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சார்தானா வண்டிக்க ஓணர்?"

"பின்ன ஆரு?"

"இல்ல, தப்பா நெனைக்காண்டாம். நான் இந்த வண்டிக்க ஓணர்ட்ட எத்தறயோ தடவ போன்ல பேசியிருக்கேன். அவருக்க கொரல் வேறயாக்கும். கொஞ்சம் சின்ன வயசு."

கனகதாசுக்குச் சட்டென்று விளங்கவில்லை. ஷோரூமும், தாம் வீசிய கையும், "உனக்க நம்பரக் குடு" என்ற சொல்லும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்க மோனாக்கும் அது."

"அய்யோ! அப்பம் சார்தான் அந்த அப்பாவா?" ஜின்சி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இரிங்க மாமா. இரிங்க."

சார் என்றவள் மாமா ஆக்கிவிட்டாள். அவர் உட்கார்ந்தார்.

"நான் இஞ்ச வந்து குறை சொன்னப்ப ஒக்க நீ அவனயா விளிச்சே?"

"ஆமா மாமா. குறை எழுதினா அந்த நம்பருக்கு மெசேஜு தன்னால போவும். 'வலப்பக்கம் திருப்பும்போது ஒரு சத்தம்'னு. வேல முடிச்சு வண்டி விட்டா மறுநாளு நான் விளிப்பேன். வேல திருப்தியா, பத்துக்கு எத்தற மார்க்குன்னு கேப்பேன். பத்துன்னு சொல்லுவாரு. பத்துன்னு சொன்னா கம்ப்ளெயிண்ட் குளோஸ் ஆவும்."

"சத்தம் போச்சான்னு கேக்கல்லியா நீ?"

"கேட்டேனே. முதல் தடவ, 'அப்பாட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்'னாரு. பின்ன போன வைக்காமலே, 'போச்சு, போச்சு, பத்து போட்டுக்க'ன்னாரு."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வண்டியை உயரத்தில் தூக்கியிருந்தார்கள். அதன் அடிவயிறு தெரிந்தது. கனகதாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கோபம் ஏறி வந்தது.

"அவனுக்க பத்து மார்க்குல நான் இன்னைக்குச் செத்திருப்பேன், அறியுமா?"

"அறியும் மாமா." ஜின்சியின் குரல் இறங்கிற்று. "பத்து வாங்கினது நானாக்கும். பத்துக்குக் கொறஞ்சா எனக்கு ஏச்சு கிட்டும். அதனால நானும் பின்ன கிண்டிக் கேக்கல்ல."

"அவன் எதுக்கு அப்பிடிச் சொல்லணும்?"

"நானும் ஒருக்கா கேட்டேன். 'மக்கா, எனக்கும் இஞ்ச மார்க்குதான். சாப்பாடு வாங்கியவன் ஸ்டார் கொறச்சுப் போட்டா எனக்கு மறுநாளு ஓட்டம் இல்ல. நான் கொறச்சா நீ ஏச்சு கேப்பே. நீ ஏச்சு கேட்டா, அங்க கவுண்டர்ல நிக்கியவிய எனக்க அப்பாவுக்கு மொகம் குடுத்துப் பேச மாட்டாவ. அவரு தனியா வாற ஆளு'ன்னாரு."

கனகதாஸ் கழுத்துத் துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தார். அது எந்தத் துவர்த்து என்று திடீரென்று உறைத்து, மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற என்ன பேசுவான்?"

"மழ உண்டான்னு கேப்பாரு. எப்ப விளிச்சாலும் மொதல்ல அதுதான். 'அங்க மழ உண்டா?' உண்டுன்னா, போனக் கண்ணாடிப் பக்கம் காட்டச் சொல்லுவாரு, மழச் சத்தம் கேக்க." ஜின்சி சிரிக்கப் பார்த்தாள். "பின்ன, அப்பா எளைச்சிட்டாரா, சட்ட தேச்சுப் போட்டிருந்தாரான்னு கேப்பாரு. நான் உள்ள இருக்குற ஆளு, மாமன நான் கண்டதில்ல. கவுண்டர்ல போயி விசாரிச்சுட்டு வந்து சொல்லுவேன். 'வெள்ளச் சட்டையாக்கும், கொஞ்சம் இருமினாரு'ன்னு. அன்னைக்கு இருமலுக்கு மருந்து வாங்கினாரான்னு கேட்டு மறுபடியும் விளிச்சாரு. அது எங்களுக்குத் தெரியாதுல்லா."

அந்த இருமல் கனகதாசுக்கு நினைவிருந்தது. அப்பொழுது சோமன், கேட்காமலே ஒரு குப்பி மருந்து வாங்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"ரீகால் மெசேஜு போனதும் அவரே விளிச்சாரு. 'நான் சொன்னா அவரு கேக்க மாட்டாரு, வேற ஆள வச்சுச் சொல்லுதேன். வந்தா நல்ல மெக்கானிக்க விடணும்'னாரு."

சோமன் திரும்பாமல் ஆற்றிய சாயாவின் நீளம் இப்பொழுது அவருக்குப் புரிந்தது. ஒரு பெரிய சுற்று. தகப்பனின் சத்தம் வண்டியின் சத்தமாகிக் கம்பெனிக்குப் போய், கடல் தாண்டி மகனிடம் சேர்ந்து, மகனுடைய பேச்சு சாயாக்கடை வழியாக இவரிடம் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. இவர் மட்டும் அதை அறியாமல், ஏற்றத்தில் தனியாக, "செரி, கேட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பழைய போல்ட்டைக் காட்டினான். நடுவில் முக்கால் பங்கு அறுந்து, மிச்சம் ஒரு நகக்கீற்றளவு பற்றிக்கொண்டிருந்தது. "ஆயுசு உண்டு மாமனுக்கு" என்றான். கனகதாஸ் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இத்தனை நாளும் தட்டிக்கொண்டிருந்த விரல் இதுதான். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று அவன் திரும்ப வாங்கிக்கொண்டான்.

வேலை முடிந்தது. ஜின்சி கணினியின் முன் உட்கார்ந்தாள்.

"மாமா, நம்பர மாத்தட்டா? இனிமே மெசேஜும் விளியும் ஒக்க நேர மாமனுக்கு வரும். அதுதான் முறை. இல்லாட்டா இன்னைக்கு மாதிரி ஆவும்."

நியாயமான பேச்சு. கனகதாஸ் தம்முடைய எண்ணைச் சொல்ல வாயெடுத்தார், நிறுத்தினார்.

"மாத்தினா, பின்ன அவனுக்கு விளி போகாதா?"

"போகாது மாமா."

வெளியே மழை மறுபடியும் கூடியிருந்தது. கண்ணாடியில் வெள்ளம் வழிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாத்தாண்டாம். அது அப்பிடியே கெடக்கட்டு."

"செரி. நாளைக்கு அவருக்குத்தான் விளிப்பேன். வேல திருப்திதானே மாமா? பத்து போடலாமா?"

"ஒம்பது போடு."

"அய்யோ மாமா, என்ன சதிக்கியளே! எதுக்கு ஒண்ணு கொறச்சதுன்னு அவரு கேப்பாரே?"

"கேக்கட்டு. ஒரு குறை பாக்கி உண்டுன்னு சொல்லு."

"என்ன குறைன்னு எழுத? இப்பம் சத்தம் போச்சுல்லா?"

"சத்தம் போச்சு. இது வேற." கனகதாஸ் எழுந்து துவர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டார். "என்ன குறைன்னு ஓட்டுற ஆளுக்குத்தான் தெரியும், அவருட்ட நேர கேளும்னு சொல்லு மக்கா. ஒனக்கு ஏச்சு கிட்டினா நான் வந்து ஒனக்க மேனேஜர்ட்ட பேசுதேன்."

ஜின்சி தலையாட்டி, எதையோ எழுதினாள்.

திரும்பும் வழியில் வண்டி லேசாக ஓடியது. உதியன்குளங்கரை முக்கில் சோமனின் கடையில் விளக்கு எரிந்தது. நிறுத்தவில்லை, ஒலிப்பானை மட்டும் ஒருமுறை அமுக்கினார். சோமன் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. மத்தியானம் தடியை இறக்கிய இடத்தை நெருங்கியபோது, ஒரு கட்டை மட்டும் மண்திட்டில் கிடந்தது. அதை ஒட்டித்தான் அந்த வளைவு. கனகதாஸ் வலத்தே ஒடித்தார். வளையம் வெண்ணெய்போலத் திரும்பியது. சத்தம் ஒன்றும் இல்லை; இனிப் பாரம் ஏற்றினாலும் இருக்காது. 'செரி' என்ற சொல் நாக்குவரைக்கும் வந்து, போக இடமில்லாமல் நின்றது. இருக்கை முன்னைக்காட்டிலும் நீளமாகத் தோன்றியது.

வளைவைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். அடைத்துவைத்திருந்த ஒலியைத் திறந்து, முழுவதும் கூட்டினார். குடையையும் கயிற்றுச் சுருளையும் கீழே தள்ளி, இருக்கையின் நடுவில், புஷ்பபாய் பூசணிக்காயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், திரை மேலே தெரியும்படி வைத்தார். நாளைக்குத்தான் அந்தப் பெண் ஷிஜுவை விளிப்பாள். அப்புறந்தான் அவன். இன்றைக்கே எடுத்து வைத்துவிட்டோமே என்று அவருக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. ஆனாலும் திருப்பி உள்ளே வைக்கவில்லை.

கூரைத்தகரத்தில் மழை வலுத்தது. நாளையும் பெய்யும் என்று கிழக்கே மலை சொல்லிற்று. அவன் எடுத்த எடுப்பில் மழை உண்டா என்றுதானே கேட்பான்? கனகதாஸ் தொண்டையைச் செருமி, மெல்ல, பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காதபடி, ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"உண்டு மக்கா. நல்ல மழ உண்டு."